முதல் கேள்வி ஊருடையது

கச்சிராயப்பாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நாம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ் வந்து நிற்கிறது. ஜன்னலோரம் ஒரு பெண், இருபத்துநாலு இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் பை, பையின் மேல் புது நோட்டு. மானிடவியலில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்தவள். கல்வராயன் மலையில் ஓர் ஊரில் ஒரு வருடம் தங்கப் போகிறாள். பஸ் கிளம்புவதற்குள் பக்கத்து இருக்கைப் பாட்டி ஆரம்பித்துவிட்டார்: “யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? எந்த ஊரு? எங்க போற? கல்யாணம் ஆயிடுச்சா? உன்ன யாரு அனுப்புனது?”

இந்த ஐந்து கேள்விகளுக்கும் அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதில்தான் அந்த ஒரு வருடம் எப்படி இருக்கும் என்பது பாதி அடங்கியிருக்கிறது. ஏன் அப்படி, இதற்கு ஒரு மாணவரை எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதை டீ ஆறுவதற்குள் மெதுவாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து வெள்ளிமலைக்கு வருகிறவருக்கும், கள்ளக்குறிச்சியிலிருந்து மலேசியாவுக்குப் போகிறவருக்கும், சென்னையிலிருந்து நம் மலைக்கு ஏறுகிற இந்தப் பெண்ணுக்கும் தேவைப்படும் தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். பாஸ்போர்ட் தேவையா இல்லையா என்பது சின்ன வேறுபாடு.

முதலில் களப்பணி என்றால் என்ன என்று பார்ப்போம். பெண் பார்க்கப் போன அன்று நாம் ஒரு வீட்டைப் பார்க்கிறோம். பாய் விரித்திருக்கும், பலகாரம் வரும், எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள். அதே வீட்டுக்கு மருமகளாகப் போனவள் ஒரு வருடம் கழித்து அந்த வீட்டைப் பற்றிச் சொன்னால் அது வேறு வீடாக இருக்கும். யார் சாப்பிட்ட பிறகு யார் சாப்பிடுகிறார்கள், எந்தப் பேச்சு வந்தால் மாமியார் எழுந்து போகிறார், எந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். மானிடவியல் மாணவர் ஓர் ஊருக்குப் போவது மருமகள் போகிற மாதிரி. கூடவே வாழ்ந்து, கூடவே வேலை செய்து, பார்த்ததை அன்றன்றைக்கு எழுதி வைப்பது. புத்தகங்களில் இதைப் பங்கேற்று நோக்கல் என்பார்கள்.

ஏன் ஒரு வருடம்? ஆடியில் சாமை விதைக்கும்போது இருக்கிற ஊர் வேறு, அறுவடை முடிந்து மரவள்ளிக்கு விலை கேட்டு அலையும்போது இருக்கிற ஊர் வேறு. ஆண்கள் வேலை தேடி வெளியூர் போய்விட்ட மாதங்களில் ஊர் இன்னொரு முகம் காட்டும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கூவாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கைகள் நாடெங்குமிருந்து வருகிறார்கள், தாலி கட்டி மறுநாள் அறுக்கிறார்கள். கேமராக்களும் அந்த இரண்டு நாளைக்கு வந்து திரும்பிவிடுகின்றன. ஆனால் அது அந்தப் பக்கத்து விவசாயிகளின் கோயில். அவர்களுக்கும் கூத்தாண்டவரான அரவானுக்கும் வருடம் முழுக்க ஓர் உறவு இருக்கிறது. மீதி மாதங்களில் அங்கே இருந்தவருக்குத்தான் அந்த இரண்டு நாள் முழுதாகப் புரியும்.

இந்த வழக்கம் அவ்வளவு பழையதில்லை. 1874-இல் பிரிட்டனில் பயணிகளுக்காக ஒரு கைப்புத்தகம் போட்டார்கள். முழுக்கக் கேள்விகள். எங்கே போனாலும் இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், இங்கே இருக்கும் அறிஞர்கள் அதை வைத்து ஆராய்ந்துகொள்வார்கள் என்பது ஏற்பாடு. போலந்துக்காரரான மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர் ஆண்டுகளில் நியூகினிக்கு அருகே ட்ரோப்ரியண்ட் தீவுகளில் நெடுநாள் கூடாரம் போட்டுத் தங்கி, அவர்கள் மொழியிலேயே பேசி, 1922-இல் புத்தகம் எழுதினார். அதன் பிறகு, தங்காமல் எழுதுவது மானிடவியல் ஆகாது என்றே ஆகிவிட்டது.

நம் பக்கத்திலேயே ஓர் அழகான உதாரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1916-இல் அவர் தம் மாணவர்கள் கையில் ஒரு நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குக் கிராமங்களுக்கு அனுப்பினார். அப்படிக் கணக்கெடுக்கப்பட்ட ஊர்களில் ஒன்று அன்றைய தென்னாற்காட்டின் இருவேல்பட்டு. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. நிலம் யாரிடம், மாடு எத்தனை, கூலி எவ்வளவு என்று அந்த மாணவர்கள் எழுதி வந்தது 1918-இல் புத்தகமானது. அந்த ஊருக்கு 1930-களில் மறுபடி போனார்கள். 1981-இல் போனார்கள். 2008-இலும் போனார்கள். ஒரே ஊரை நூறு வருடத்தை நெருங்கிப் பார்த்துக்கொண்டே வருவது எந்த நாட்டிலும் அரிது. கேள்விப் பட்டியலை நான் குறைத்துப் பேசப் போவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கூலி எவ்வளவு என்று கேட்டால் எண் கிடைக்கும். அந்த எண் நூறு வருடம் கழித்தும் பயன்படும். அந்தக் கூலியை வாங்கும்போது கையை எப்படி நீட்டினார்கள் என்பது பட்டியலில் வராது. அதற்குத்தான் அங்கே தங்க வேண்டியிருக்கிறது.

இனி எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். களத்துக்குத் தயாராவது என்றால் நல்ல கேள்விகளைத் தயார் செய்வது என்று நாம் நினைக்கிறோம். மாணவர்களும் அப்படித்தான் நினைத்து வருகிறார்கள். நாற்பது கேள்வி, ஐம்பது கேள்வி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, தமிழிலும் எழுதி, எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊருக்குப் போனால் முதலில் கேட்பது ஊர். மாணவர் ஊரைப் படிக்கத் தொடங்குவதற்கு வெகு முன்பே ஊர் மாணவரைப் படித்துப் பெயர் வைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு பழைய உதாரணம். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தவர். தலையையும் மூக்கையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டு ஓடினார்களாம். தங்களில் சிலரைப் பிடித்துப் பஞ்சு அடைத்து அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைத்துவிடுவார் என்று பயந்திருக்கிறார்கள். அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களை நினைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கருவியோடு வந்து உடம்பை அளக்கிற ஓர் அந்நியரை, தங்களுக்குத் தெரிந்த உலகத்தை வைத்து அவர்கள் புரிந்துகொண்டார்கள். இன்று கல்வராயன் மலையில் நோட்டோடு ஏறுகிறவரையும் மலை அப்படித்தான் புரிந்துகொள்ளும்.

அந்த மலைக்கு நோட்டோடு வந்தவர்கள் யார் யார் என்று கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். இங்கே பெரும்பாலும் வாழ்கிறவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ், பட்டம் கவுண்டர், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று கதை சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் பெரிய கூட்டம் இவர்களே. கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையிலிருந்து முழுக்க அரசின் கைக்கு வந்தது 1976-இல்தான். அதற்கு முன்னால் நோட்டு என்றால் வரி. பிறகு நோட்டு என்றால் வனத்துறை. கணக்கெடுப்பு, ரேஷன், சாதிச் சான்றிதழ், எல்லாமே ஒரு நோட்டில் எழுதப்படுகிறவைதான். காவல்துறை நோட்டும் உண்டு. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள். பலர் இப்படிப்பட்ட மலை ஊர்களிலிருந்து மரம் வெட்டும் வேலைக்குப் போனவர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்கள் பலியான பிறகு, சாராயம் தேடி எல்லோர் கண்ணும் மலைப் பக்கம் திரும்பியது.

இன்னும் ஒன்று. இங்கிருந்து ரொம்ப தூரமில்லாத சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியும் மலையாளிகள் ஊர்தான். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே செய்த கொடுமைக்கு, 19 வருடம் கழித்து 2011-இல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த நினைவுகள் இருக்கிற ஒரு மலையில், நல்ல எண்ணத்தோடு வந்த ஒரு பெண் முதல் நாளே நோட்டைத் திறந்து “உங்க வீட்ல எத்தனை பேர், என்ன வேலை செய்றாங்க, எந்த மாசம் வெளியூர் போவாங்க” என்று கேட்டால் என்ன நடக்கும்? பதில் கிடைக்கும். மரியாதையாகவே கிடைக்கும். வரிக்காரருக்கும் வனக்காவலருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் அது. ஐம்பது கேள்விக்கும் ஐம்பது பதிலோடு அவள் கீழே இறங்கிவிடலாம், ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாமலே.

ஆகவே தயாரிப்பின் முதல் பாடம், பாட்டியின் ஐந்து கேள்விக்கும் அவற்றைத் தொட்டு வரும் கேள்விகளுக்கும் உண்மையான, எளிமையான பதிலைத் தயார் செய்வது. யாரு வூட்டுப் பொண்ணு? அப்பா அம்மா பெயர், ஊர், அவர்கள் தொழில். யார் அனுப்பியது? இந்தக் கல்லூரி, இந்தப் பேராசிரியர். அரசாங்கம் இல்லை, கட்சி இல்லை. பணம் யார் தருவது? உதவித்தொகை வருகிறது, இவ்வளவு வருகிறது. எதற்கு? இங்கேதான் பல மாணவர்கள் திணறிப் போகிறார்கள். நாலு வருடம் படித்ததை நாலு வார்த்தையில் சொல்லத் தெரியாது. வகுப்பில் ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் மாணவராகவும் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும் என்பேன். “உங்க ஊர்ல எப்படிப் பயிர் வைக்கிறீங்க, எப்படிக் கல்யாணம் பண்றீங்கன்னு கத்துக்கிட்டுப் போய் புத்தகமா எழுதப் போறேன் பாட்டி.” இந்த ஒரு வரி வருவதற்குச் சிலருக்கு ஒரு மாதம் ஆகும். “அதனால எங்களுக்கு என்ன வரும்?” என்று அடுத்த கேள்வி வரும். ரோடு வரும், பட்டா வரும் என்று ஆசை காட்டக் கூடாது. என்னால் அது முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழக வேண்டும். இதற்கும் பயிற்சி வேண்டும். இல்லையென்றால் சங்கடத்தில் வாய் தானாக வாக்குக் கொடுத்துவிடும்.

அடுத்தது, எங்கே தங்குவது. சாப்பாட்டு வசதி, குளியல் வசதி பார்த்து எடுக்கும் முடிவாக இது தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். ஆந்த்ரே பெத்தேய் என்ற ஆய்வாளர் வங்காளத்தில் வளர்ந்தவர், தந்தை பிரெஞ்சுக்காரர். 1961-62-இல் அவர் ஒரு கிராமத்துக்கு வந்து அக்கிரகாரத்தில் தங்கினார். அக்கிரகாரம் அவரை ஏற்றுக்கொண்டது; மற்ற தெருக்களும் அவரை அக்கிரகாரத்து மனிதராகவே பார்த்தன. விளைவாக, சேரிக்கு அவர் விருப்பம்போல் போய் வரவும் அங்கே உட்கார்ந்து பேசவும் முடியாமல் போயிற்று. இதை அவர் மறைக்காமல் தம் புத்தகத்திலேயே எழுதினார். 1965-இல் வந்த அந்தப் புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது; அதன் பலத்தில் ஒரு பங்கு அந்த ஒப்புதலுக்கு உண்டு. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், எது கண்ணுக்குப் படாமல் போயிருக்கும் என்பதைப் படிக்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கல்வராயன் மலையிலும் அப்படித்தான். வனத்துறை ஜீப்பில் ஏறி வந்து இறங்கினால் அன்றோடு ஒரு பெயர் விழுந்துவிடும். ஊர்க்கவுண்டர் வீட்டில் தங்கினால் பாதுகாப்பு உண்டு, ஊர்ப் பஞ்சாயத்து வாசலிலேயே நடக்கும். அவரோடு மனத்தாங்கல் உள்ள வீடுகள் மெல்ல விலகும். தனியாக இருக்கிற ஒரு பாட்டி வீட்டில் தங்கினால் சமையலறைப் பேச்சு முழுக்கக் காதில் விழும், ஆண்கள் கூடுகிற இடத்துப் பேச்சு விழாது. சரியான வீடு என்று ஒன்று கிடையாது. எந்த வீட்டை எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று முன்கூட்டியே யோசித்து, மூடிய கதவை மெதுவாகத் தட்ட இன்னொரு வழி வைத்துக்கொள்வதுதான் தயாரிப்பு. பெண்ணாக இருந்தால் இரவில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பேராசிரியர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும். பல காலம் இதைப் பேசாமல், தைரியம் இருந்தால் சமாளித்துக்கொள் என்று விட்டார்கள். அது தவறு.

மொழிக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது வெளிப்படையான மலை. மதுரையில் அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்புகளுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள். கொங்கு நாட்டை ஆராய்ந்த கனடாக்காரர் பிரெண்டா பெக், 1964 முதல் 1966 வரை காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வாழ்ந்து, அண்ணன்மார் கதையை உடுக்கையோடு பாடக் கேட்டுப் பதிவு செய்யும் அளவுக்கு ஊறிப்போனார். தெரியாது என்று தெரிந்து தொடங்குகிறவருக்கு ஒரு வசதி உண்டு. எல்லா வார்த்தையையும் நிறுத்திக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் பஸ்ஸில் இருக்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. அவளுக்குத் தமிழ் தெரியும், மலையிலும் தமிழ்தான். காலையில் ஒரு வீட்டு வாசலில் நின்று அம்மா எங்கே என்று கேட்கிறாள். “காட்டுக்குப் போயிருக்குது” என்கிறது குழந்தை. விறகுக்கோ தேனுக்கோ வனத்துக்குப் போயிருக்கிறார் என்று அவள் நோட்டில் எழுதிவிடலாம். சேலம் பக்கத்திலும் இந்த மலைகளிலும் காடு என்றால் மானாவாரி நிலமும்தான். ஏர் ஓடுவது உழவுக்காடு, ஏர் போகாத சரிவில் கொத்திவிட்டு விதைப்பது கொத்துக்காடு. அந்த அம்மா தன் சாமைக்குக் களையெடுக்கப் போயிருக்கிறார். வனத்துறைக் காகிதத்தில் காடு என்றால் அரசின் மரங்கள். அந்த அம்மா வாயில் காடு என்றால் மாமனார் திருத்திக் கொடுத்த நிலம். அந்த ஒரே சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவில்தான் மலையின் பாதி வழக்குகள் நிற்கின்றன. ஆகவே தமிழ் தெரிந்த மாணவருக்கு நான் சொல்வது: முதல் மூன்று மாதம் தெரிந்த வார்த்தைகளையே ஒரு தனி நோட்டில் எழுதுங்கள். காடு, வீடு, கடன், சொந்தம். ஒவ்வொன்றுக்கும் இந்த ஊரில் என்ன பொருள் என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது மாதம் முடியும்போது அதுவே நல்ல அத்தியாயமாகியிருக்கும்.

சொந்தம் என்றவுடன் இன்னொரு பயிற்சி நினைவுக்கு வருகிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீலகிரித் தோடர்களை ஆராய்ந்து 1906-இல் புத்தகம் எழுதியவர், வம்சாவளி எழுதுவதை ஒரு முறையாகவே ஆக்கினார். ஒருவரிடம் அவர் அப்பா யார், அம்மா யார், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டுக் கோடு போட்டுக்கொண்டே போவது. நமக்கு இது புதிதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் நம் பாட்டிமார் செய்வதும் இதுதான். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பிரித்துவிட்டால் யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டுச் சாவுக்கு யார் என்ன செய்ய வேண்டும், நிலம் எந்த வழியில் இறங்கும் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். மாணவர் களத்துக்குப் போகும் முன் தன் சொந்தக் குடும்பத்துக்கே இதை எழுதிப் பார்க்க வேண்டும். எழுதும்போது ஓர் இடத்தில் பாட்டி பேச்சை மாற்றுவார். சின்ன வயதில் இறந்த ஒரு குழந்தையாக இருக்கலாம், ஓடிப்போன ஒரு சித்தியாக இருக்கலாம். அந்த இடத்தில் தன் பாட்டியை வற்புறுத்தத் தனக்கு மனம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டவருக்கு, அடுத்தவர் பாட்டியிடம் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

எழுதி வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அறிவைவிடப் பழக்கத்தைச் சேர்ந்தது. பகலில் கிறுக்கலாகக் குறித்ததை இரவு தூங்குமுன் விரித்து எழுத வேண்டும். இரண்டு நாள் விட்டால் பாதி போய்விடும். தன் கோபம், ஏக்கம், சலிப்பை வேறு நோட்டில் எழுத வேண்டும். மாலினோவ்ஸ்கி இறந்த பிறகு 1967-இல் அவர் நாட்குறிப்பு வெளிவந்தபோது, தீவு மக்கள்மேல் அவர் எரிச்சல் கொட்டியிருந்ததைப் பார்த்து அவரைப் போற்றியவர்கள் அதிர்ந்து போனார்கள். எனக்கு அதில் ஓர் ஆறுதலும் உண்டு. தனிமை யாரையும் விடாது என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டு போகிற மாணவர், ஆறாவது மாதம் தனக்கு மட்டும் என்னவோ ஆகிவிட்டது என்று பயப்பட மாட்டார். பிறகு பிரதி. மானிடவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸ் 1948-இல் மைசூர் அருகே ராம்புராவில் தங்கிச் சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி மூன்று பிரதி வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த இடத்துக்கு யாரோ தீ வைத்ததில் மூன்றும் எரிந்தன. மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன. நினைவிலிருந்தே அவர் அந்த ஊரை எழுதினார், 1976-இல் புத்தகமாக வந்தது. எல்லோருக்கும் அந்த நினைவு வாய்க்காது.

ஒப்புதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது பல்கலைக்கழகங்கள் ஒரு படிவம் தருகின்றன. ஆராய்ச்சி இன்னது, விருப்பமிருந்தால் பேசலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், கீழே கையெழுத்து. நோக்கம் நல்லது. ஆனால் கைநாட்டு வைத்த தாளால் நிலம் போன கதை தெரியாத கிராமம் நம் நாட்டில் அரிது. தாளை நீட்டினால் பேச வந்தவர் எழுந்து போய்விடலாம். வாய்மொழியாகக் கேட்டு, சொன்னதை நாமே எழுதிக்கொள்வது பல இடங்களில் பொருத்தம். ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்பதும் இல்லை. விருந்தாளிக்குச் சாதம் போடுகிறபோது ஒவ்வொரு கரண்டிக்கும் “போதுமா?” என்று இலையைப் பார்க்கிறோமே, அந்த மாதிரி ஒவ்வொரு பேச்சிலும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பெயரை மறைப்பதும் இதோடு சேர்ந்தது. பெத்தேய் ஊரை ஸ்ரீபுரம் என்றார். மானிடவியலாளர் கேத்லீன் காஃப் தாம் ஆராய்ந்த தஞ்சாவூர்க் கிராமத்தைக் கும்பபேட்டை என்றார். நாற்பது வீடுள்ள மலை ஊரில் பெயரை மாற்றினாலும் “ஒரு கண் இல்லாத, இரண்டு மனைவியுள்ள ஊர்க்கவுண்டர்” என்று எழுதினால் அடையாளம் போய்விடுமா? யாராவது நம்மை நம்பிச் சாராயத்தைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ சொல்லிவிட்டால், நோட்டில் எழுதிய அந்த வரியை நாளைக்கு ஓர் அதிகாரி கேட்டு வாங்கலாம். எழுதாமல் விடுவதும் ஒரு திறமை. எதை எழுத மாட்டேன் என்று போவதற்கு முன்பே பேராசிரியரோடு பேசி முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது. ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொண்டு சிலர் போர்க்காலத்தில் உளவு பார்த்ததை 1919-இலேயே அமெரிக்காவில் மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் பகிரங்கமாகக் கண்டித்தார். ஒருவர் செய்தால், பின்னால் வருகிற எல்லோர் முகத்திலும் கதவு சாத்தப்படும்.

எவ்வளவு தயார் செய்தாலும் களம் திட்டத்தைப் புரட்டிவிடும். இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் வாலண்டைன் டேனியல் 1983-இல் மலையகத்துக்குப் போனது தேயிலைத் தோட்டப் பெண்களின் பாடல்களைச் சேகரிக்க. தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரம் வெடித்த நாட்டில் மக்கள் அவரிடம் சொல்ல வந்தது பாட்டு இல்லை. அவர் பாட்டை வைத்துவிட்டு, அவர்கள் சொன்னதைக் கேட்டார். 1996-இல் வந்த புத்தகம் அந்த வன்முறையைப் பற்றியது. சாமையைப் படிக்கப் போன மாணவருக்கு, ஊர் முழுக்கப் பட்டாவைப் பற்றியே பேசினால், பட்டாவைக் கேட்கத்தான் வேண்டும்.

டீ ஆறிவிட்டது, பஸ்ஸும் கிளம்பப் போகிறது. ஊரை விட்டு வருவதற்கும் தயாராக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டால், மகளாகவோ பேத்தியாகவோ நினைத்தவர்களுக்கு அது எப்படி இருக்கும்? ஒரு மாதம் முன்பே தேதியைச் சொல்ல வேண்டும். கடையில் பாக்கி இருந்தால் தீர்க்க வேண்டும். கடைசி வாரம் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, எடுத்த போட்டோக்களையெல்லாம் பிரிண்ட் போட வேண்டும். போனில் அனுப்பினால் போதாது, பெரியவர்கள் பலரிடம் அந்த மாதிரி போன் இருக்காது. வீட்டுக்கு ஒன்று என்று கவரில் போட்டு, கவரின் மேல் பெயர் எழுதி, மலையில் மழை பிடித்தால் நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். இறந்துபோனவர் யாராவது அந்தப் படங்களில் இருந்தால் அதை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.